ஓய்வுக்குப் பின் ஓவியம்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'பணி ஓய்வுக்குப் பின் ஓவியம் வரையத் தொடங்கினீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்' என்று அறநிலையத்தார் பணித்தார்கள். நான் பெரிய ஓவியர் அல்லேன். மரம், செடி, ஏரி, பறவை, பாறை ஆகியவற்றை நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் எழுதிப் பழகுகிற ஒரு மாணவி. ஆயினும், இந்தச் சில ஆண்டுப் பழக்கம் மொழியைப் பற்றியும், முதுமையைப் பற்றியும், நம் அறத்தைப் பற்றியும் எனக்குச் சிலவற்றைத் தெளிவுபடுத்தியது. அவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

எழுதுதல் என்னும் சொல்

தமிழில் 'எழுது' என்னும் வினைச்சொல் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது. கடிதம் எழுதினான் என்கிறோம். ஓவியம் எழுதினான் என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். பெண்கள் கண்ணுக்கு மை எழுதினார்கள். தோளில் தொய்யில் எழுதினார்கள். வண்ணம் தீட்டாமல் கோட்டினால் மட்டும் அமைந்த படத்துக்குப் 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடை பெயர் தந்தது. மதுரைக்காஞ்சி ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்று சுட்டுகிறது. பார்ப்பவரின் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துபவர்கள் என்று உரையாசிரியர் அதற்கு விளக்கம் தருவார். நம் சமயத்தின் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியில், குணமாலையின் உருவைச் சீவகனே கிழியில் எழுதுகிறான். எழுத்தும் ஓவியமும் ஒரே கையின் இரு தொழில்கள் என்று கருதிய மரபு நம்முடையது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதினேன். 2018ஆம் ஆண்டு ஐம்பத்தெட்டு வயது நிறைந்து ஓய்வு பெற்றபோது எழுதும் கை என்னோடு வீட்டுக்கு வந்தது. எழுதுவதற்குப் பலகைதான் இல்லை. அந்நாளில் ஓவியம் கற்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததில்லை. அந்த எண்ணத்தை உண்டாக்கியவை புளியமரங்கள்.

எண் எழுதிய மரங்கள்

எங்கள் ஊரை நகரத்தோடு இணைக்கும் சாலையின் இருமருங்கிலும் முதிர்ந்த புளியமரங்கள் நின்றன. 2019ஆம் ஆண்டு தை மாதத்தில், சாலையை அகலப்படுத்துவதற்காக, மரந்தோறும் பட்டையைச் செதுக்கி வண்ணத்தால் எண் எழுதினார்கள். ஒன்று தொடங்கி நாற்பத்தொன்று வரை. சாலை அகலமாக வேண்டிய தேவை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. விபத்துகள் நடந்த சாலைதான் அது. எனினும் அந்த எண்களைப் பார்த்தபோது வருகைப் பதிவேடு நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் எண்ணுக்கு நேரே ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருக்கும். இந்த எண்களுக்கு நேரே எதுவுமில்லை. நாற்பத்தொரு மரங்களும் இருந்ததற்கான அடையாளம் ஒப்பந்தப் புள்ளியில் வரும் ஒரு தொகையாக முடிந்துவிடும் என்று தோன்றியது.

மறுநாள் காலை ஒரு மடக்கு நாற்காலியும், பென்சிலும், ஒருபக்கம் எழுதாத பழைய தாள்களும் எடுத்துக்கொண்டு முதல் மரத்தின்முன் அமர்ந்தேன். ஒரு மரத்துக்கு இரண்டு காலைப்பொழுதுகள் ஆயின. புளியமரத்தின் அடிமரம் ஒற்றைத் தூண் போன்றதன்று. பல முறுக்குகள் ஒன்றையொன்று பற்றி எழுந்தது போன்றது. அதன் கிளைகள் உறுதியாகப் பரந்தாலும் நுனிகள் தாழ்ந்து தொங்கும். சிற்றிலைகளுக்கிடையே வானம் துளித்துளியாகத் தெரியும். இத்தனையையும் அந்தச் சாலையில் நாள்தோறும் சென்று வந்தவர் எவரும் அறிவார். ஆனால் கோடாக எழுதும்போதுதான் அந்த அறிவு உறுதிப்படுகிறது.

பத்தொன்பது மரங்களை எழுதி முடித்தபோது இயந்திர வாள்கள் வந்துவிட்டன. பதினேழாம் எண் மரத்தின் நிழலில் ஒருவர் தேநீர்க்கடை வைத்திருந்தார். அவர் படத்தைக் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "டீச்சரம்மா, பொந்து சரியா இருக்கு. அதுல ஒரு ஜோடி கிளி இருந்துச்சு. அதையும் போட்டுக் குடுங்க" என்றார். பொந்தின் வாயில் ஒரு கிளியை எழுதிக் கொடுத்தேன். இப்போது அவர் கடை சற்றுத் தள்ளி ஒரு தகரக் கூரையின் கீழ் நடக்கிறது. படம் அங்கே தொங்குகிறது. அங்கே தேநீர் பருகுபவர்கள் அந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கோடுகளால் ஒரு மரத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால், இருந்தது என்று சொல்வதற்கு ஒரு சான்றை அவை விட்டுச்செல்கின்றன.

மொழி தந்த வண்ணப்பெட்டி

பென்சிலிலிருந்து நீர்வண்ணத்துக்கு வந்தபோது நான் பெற்றிருந்த தமிழ்க் கல்வி எதிர்பாராத வகையில் துணைசெய்தது. பூவின் பருவங்களுக்குத் தமிழில் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என உண்டு. வகுப்பில் இவற்றைச் சொல்வளத்துக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்திருக்கிறேன். தூரிகையைக் கையில் எடுத்தபின் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறமாகவும் வெவ்வேறு வடிவமாகவும் கண்முன் நின்றன. மாந்தளிர் செம்பு நிறம், மாவிலை கரும்பச்சை. வேப்பங்கொழுந்து செம்மையோடு பிறந்து இளம்பச்சையாகித் திரும்புகிறது. 'இலை பச்சை' என்று ஒரு சொல்லில் முடிப்பவர் ஒரே பச்சையை எழுதுவார். தளிரையும் பழுப்பையும் பிரித்துச் சொல்லும் மொழியைப் பேசுபவருக்கு, கண்ணும் பிரித்துப் பார்க்கப் பழகும்.

காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநில மலர். கார்த்திகைப்பூ என்றும் சொல்வோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலில் நிற்பது அதுவே. செங்காந்தள் என்று சொன்னாலும் அது விரியும்போது முழுவதும் சிவப்பன்று. பசுமை கலந்த மஞ்சளாக விரிந்து, செம்மை மெல்லப் பரவி, கடைசியில் முழுச்சிவப்பு ஆகிறது. இதழ்கள் பின்னோக்கி வளைந்து மேலெழும். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். சரக்கொன்றையில் ஐந்து இதழ்களும் பத்து மகரந்தத் தாள்களும் உண்டு. அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு வளைந்து நிற்கும். சங்கப் புலவர்கள் இப்படிப் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்ததை நாமும் பார்த்தால்தான் அவர்களது உவமைகளின் துல்லியம் புலப்படும். இன்று தமிழாசிரியராக இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: குறிஞ்சிப்பாட்டு நடத்தும் நாளில், ஒரு பூவையேனும் அது பூத்திருக்கும் இடத்துக்கே மாணவரை அழைத்துச்சென்று காட்டுங்கள்.

தமிழில் இயற்கையை எழுத்தாலும் கோட்டாலும் பதிவுசெய்த முன்னோடி ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கைக் குறிப்புகள் எழுதினார். தமிழிலும் எழுதினார், தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியங்களும் வரைந்தார். அணிலும் மைனாவும் வீட்டுப் பல்லியும் அவருக்குப் பொருட்டாக இருந்தன. இயற்கையை எழுத இமயமலைக்குச் செல்ல வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

முதுமையில் மாணவராதல்

அறுபது வயதுக்குமேல் புதிதாக ஒன்றைக் கற்க இயலுமா என்று பலர் கேட்கிறார்கள். இரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியவர். வாழ்நாள் முழுவதும் ஆசிரியராகவும் கவிஞராகவும் விளங்கியவர். கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய வரிகளை அப்படியே விடாமல், அந்த அடித்தல்களை இணைத்து உருவங்களாக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. 1930இல் பாரிஸ் நகரில் அவரது ஓவியக் காட்சி நடந்தது. வாழ்வின் கடைப்பகுதியில் அவர் எழுதிய ஓவியங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அமெரிக்காவில் 'பாட்டி மோசஸ்' என்று அழைக்கப்பட்ட ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்மணி, மூட்டுவலியால் ஊசிப் பூவேலையைத் தொடர இயலாமற் போனபின், எழுபது வயதைக் கடந்த நிலையில் தூரிகையை எடுத்தார். 1961இல் நூற்றொரு வயதில் மறையும்வரை தம் கிராமத்து வயல்களையும் பனிக்காலத்தையும் எழுதினார்.

ஆசிரியப் பணியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. விடையை முன்பே அறிந்தவராக வகுப்பின்முன் நிற்பது நம் தொழில். ஓவியத்திலோ மரம் விடையை வைத்திருக்கிறது. நாம் கேள்வியோடு அதன்முன் அமர வேண்டும். எனக்கு முதற்பாடங்களைக் கற்பித்தவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்ற மாணவர். "அம்மா, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போங்கள். வெள்ளைக்கு வண்ணம் கிடையாது, தாளைத் தொடாமல் விடுவதுதான் வெள்ளை" என்றார். நீர்வண்ணத்தின் இலக்கணம் முழுவதும் அதனுள் அடங்கும். வெளிர்நிறத்தை முதலில் பரப்பி, அது காய்ந்தபின் அடர்நிறத்தை ஏற்ற வேண்டும். கொக்கின் வெண்மை வேண்டுமானால் கொக்கின் வடிவத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள நீரை எழுத வேண்டும். எதைத் தொடக்கூடாது என்பதைத் தொடங்குமுன்னரே முடிவு செய்ய வேண்டிய கலை இது.

உடலும் ஒரு பாடம் நடத்தியது. எனக்குக் கண்புரை வந்தது. புரை வளரும்போது கண்ணின் வில்லை மஞ்சளிப்பதால் நீலநிறம் மங்கிப் பழுப்பு மிகும். இந்த மாற்றம் மெதுவாக நிகழ்வதால் நாம் உணர்வதில்லை. ஒரு கண்ணில் அறுவை முடிந்த பின், கண்களை மாற்றி மாற்றி மூடி ஏரியைப் பார்த்தேன். ஒரு கண்ணில் ஏரி வைக்கோல் நிறம், மறுகண்ணில் நீலம். அல்லிக்குளங்களை எழுதிப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவும் தம் எண்பத்திரண்டாம் வயதில், 1923இல், கண்புரை அறுவை செய்துகொண்டவர். இங்கே அமர்ந்திருக்கும் முதியோருக்குச் சொல்கிறேன்: கண் பரிசோதனையை ஒத்திப்போடாதீர்கள். உலகம் மங்கிவிட்டதாக நாம் குறைபட்டுக்கொள்வதில் ஒரு பகுதி வில்லையின் மங்கலாக இருக்கக்கூடும்.

தூரிகைக்கும் அறம் உண்டு

இனி நம் அவைக்கு மிகவும் உரிய செய்திக்கு வருகிறேன். உணவில் கொல்லாமையைப் பேணும் நாம், ஓவியப் பொருள்கள் எவற்றால் ஆனவை என்று பார்க்க வேண்டாமா? நான் விசாரித்து அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

நீர்வண்ணத்துக்கான உயர்தரத் தூரிகைகள் பல மரநாய் இனத்தைச் சேர்ந்த விலங்குகளின் மயிராலும் அணில் மயிராலும் செய்யப்படுகின்றன. எண்ணெய் வண்ணத்துக்குரிய முரட்டுத் தூரிகைகள் பன்றி மயிரால் ஆகின்றன. நம் நாட்டில் கீரி மயிர்த் தூரிகையும் நெடுங்காலம் விற்பனையில் இருந்தது. கீரி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிர்; அதன் மயிரால் ஆன தூரிகையை விற்பது குற்றம். ஒரு தூரிகைக்கு வேண்டிய மயிருக்காகக் கீரியைக் கொல்கிறார்கள் என்பதை அறிந்தபின், அதைக்கொண்டு கீரியின் படத்தை எழுத எந்தக் கை துணியும்? செயற்கை இழையால் ஆன தூரிகைகள் இன்று எளிதில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. நான் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

வண்ணங்களுக்கு வருவோம். 'ஐவரி பிளாக்' என்னும் கருப்பு, முற்காலத்தில் தந்தத்தைக் கரித்துச் செய்யப்பட்டது. இப்போது விலங்கெலும்பைக் கரித்துச் செய்யப்படுகிறது. கார்மைன் என்னும் செந்நிறம், சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சிகளைப் பல்லாயிரக்கணக்கில் உலர்த்திப் பெறப்படுவது. செப்பியா என்னும் பழுப்பு, கணவாய் மீனின் மையிலிருந்து வந்தது. முற்காலத்தில் 'இந்திய மஞ்சள்' என்று ஒரு வண்ணம் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. பசுக்களுக்கு மாவிலையை மட்டுமே உணவாகக் கொடுத்து, அவற்றின் சிறுநீரைக் காய்ச்சி அதைச் செய்ததாகப் பீகாரில் நேரில் கண்டவற்றைத் திரைலோக்கியநாத் முகர்ஜி 1883இல் எழுதினார். மேலும், நீர்வண்ணத்தைப் பிணைப்பது வேல இனத்து மரத்தின் பிசின், இதில் குற்றமில்லை. ஆனால் சில நிறுவனத்தார் அதனோடு தேன் சேர்க்கிறார்கள். தேனை விலக்குவது நம் அடிப்படை நோன்பு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயர்தரத் தாள்கள் சிலவற்றுக்கு எலும்பும் தோலும் காய்ச்சிய பசை பூசப்படுகிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு. கருப்பு வேண்டும்போது அல்ட்ராமரைன் நீலத்தையும் சுட்ட காவியையும் கலக்கிறேன். எலும்புக் கருப்பைவிட அது உயிர்ப்புள்ளதாக அமைகிறது. செயற்கைச் சிவப்புகள் பல உள்ளன. விலங்குப் பசை சேராத பருத்தித் தாள்களும் கிடைக்கின்றன. வாங்குமுன் உட்பொருள்களைக் கேட்டு அறிவது ஒன்றே வேண்டுவது. தூரிகை கழுவிய நீரையும் ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றுவதில்லை. காட்மியம், கோபால்ட் முதலான உலோகங்கள் சேர்ந்த வண்ணங்கள் மீனுக்கும் தவளைக்கும் நஞ்சு. வாளியில் தெளியவிட்டு, கசடைத் தனியே அகற்றுகிறேன். கதிரவன் மறைந்தபின் விளக்கொளியில் வண்ணம் தீட்டுவதையும் தவிர்க்கிறேன். ஒளிக்கு வரும் சிற்றுயிர்கள் ஈர வண்ணத்தில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அந்திக்குமுன் உணவை முடிக்கும் இல்லத்தில் அந்திக்குமுன் தூரிகையைக் கழுவி வைப்பது எளிதாகவே வந்தது.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். நம் ஆகமங்களும் அவ்வாறே கூறுகின்றன. ஆதலால் படம் எழுதுவதற்காக நான் பூவைக் கொய்வதில்லை. பூ இருக்கும் இடத்துக்கு நான் செல்கிறேன். வீட்டில் அமர்ந்து எழுத வேண்டும் என்றால், வீயாகவும் செம்மலாகவும் தரையில் உதிர்ந்தவற்றை எடுத்துவருகிறேன். உதிர்ந்த பூவுக்கும் தனிப் பெயர் வைத்த மொழியில் அதை எழுதுவது ஒரு நிறைவு.

இங்கே லேசியை பற்றி நாம் எல்லோரும் இளமையில் கேட்ட கதை பொருந்துகிறது. பசியோடு வந்த ஆறு பேர் கனிகள் நிறைந்த மரத்தைக் காண்கிறார்கள். ஒருவன் வேரோடு சாய்க்க எண்ணுகிறான். அடுத்தவன் அடிமரத்தையும், மூன்றாமவன் பெருங்கிளைகளையும், நான்காமவன் சிறுகிளைகளையும் வெட்ட எண்ணுகிறான். ஐந்தாமவன் பழங்களை மட்டும் பறிக்கலாம் என்கிறான். ஆறாமவன் உதிர்ந்து கிடப்பவையே போதும் என்கிறான். கருமை, நீலம், புறாவின் சாம்பல்நிறம், மஞ்சள், தாமரைநிறம், வெண்மை என்று அவர்தம் உள்ளங்களுக்கு நிறம் குறித்தார்கள் நம் முன்னோர். உள்ளத்தின் படிநிலைகளை வண்ணங்களாலும், அந்த வண்ணங்களை ஒரு மரத்தின்முன் நிற்கும் மனிதர்களாலும் விளக்கிய சமயம் நம்முடையது. அந்த மரபில் வந்தவர்கள் மரத்தின்முன் வண்ணப்பெட்டியோடு அமர்வது புதுமையாகாது.

சித்தன்னவாசல் சொல்லும் செய்தி

அது புதுமையன்று என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், அறிவர் கோயிலின் மண்டப விதானத்தில் ஒரு தாமரைக்குளம் எழுதப்பட்டிருக்கிறது. மொட்டாகவும், பாதி விரிந்தும், முழுதும் மலர்ந்தும் தாமரைகள். இலைகளுக்கிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். மலர் கொய்யும் ஆடவர் மூவர். சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய நீர்நிலையையே அது காட்டுகிறது என்று அறிஞர் பலர் கருதுவர். சுண்ணச்சாந்தின்மீது சுண்ணாம்பு வெண்மை, கரி, செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண் முதலியவற்றால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் எழுதப்பட்டது. மண்ணும் கல்லும் கரியுமே வண்ணங்கள்.

சென்ற ஆண்டு நான் அங்குச் சென்று, அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். அந்த ஓவியர் குளக்கரையில் பலநாள் அமர்ந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாமரையிலை மடங்கும்போது அதன் அடிப்புறம் வெளிறித் தெரிவதையும், தண்டு நீரில் சற்றே சாய்வதையும் கேள்வியறிவால் எழுத முடியாது. சமயத் திருவோலக்கத்தை எழுத வந்தவர், தம் ஊர்க் குளத்தையே எழுதியிருக்கிறார். மீனுக்கும் எருமைக்கும் அங்கே இடம் தந்திருக்கிறார். எல்லா உயிரும் வந்து அறம் கேட்கும் அவை என்பதை இதைவிட எளிதாக எவரால் சொல்ல முடியும்?

குகைக்கு வெளியே பாறையில் ஒரு கல்வெட்டு உண்டு. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அது கூறுகிறது. 'ஆசிரியன்' என்னும் சொல்லைப் படித்தபோது என் மனம் நிறைந்தது. அங்கே அது சமய ஆசாரியரைக் குறிப்பது என்பதை அறிவேன். எனினும், கற்பிக்கும் பொறுப்புடைய ஒருவர் பழுதானதைப் புதுப்பித்து அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்றார் என்ற செய்தி எல்லா ஆசிரியர்க்கும் பொதுவானது. வாணியம்பாடியை அடுத்த ஆர்மாமலைக் குகையிலும், போளூரை அடுத்த திருமலையிலும், காஞ்சி திருப்பருத்திக்குன்றத்திலும் நம் ஓவியங்கள் இருக்கின்றன. திருப்பருத்திக்குன்றத்து விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளுக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். படமும் எழுத்தும் அங்கே அருகருகே நிற்கின்றன. ஈரத்தாலும் புகையாலும் மனிதர் கைபடுவதாலும் இவற்றுள் பல மங்கிவருகின்றன. செல்பவர்கள் தொடாமல் பாருங்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், நிறைவாக ஒன்றைக் கேட்கிறேன். நம்மவர் வாழும் ஊர்கள்தோறும் ஒரு சினாலயம் உண்டு. அதன் அருகே ஒரு மரமோ ஒரு குளமோ பெரும்பாலும் உண்டு. ஓய்வு பெற்றவர்களே, முதியவர்களே, அந்த மரத்தை எழுதிவையுங்கள். படம் எழுத வராதவர்கள் சொல்லால் எழுதுங்கள்: அது என்ன மரம், எந்த மாதத்தில் தளிர்க்கிறது, எந்தப் பறவை கூடு கட்டுகிறது, யார் நட்டதாகச் சொல்கிறார்கள், அதன்கீழ் என்னென்ன நடந்தன. அதற்கு வேண்டியவை ஒரு நாற்காலி, ஒரு பென்சில், இரண்டு காலைப்பொழுதுகள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் கைப்பேசியில் எடுக்கும் படம் ஒரு நொடியில் முடியும். நீங்கள் எழுதும் படத்துக்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அவர்கள் மரத்தைப் பார்த்திருப்பார்கள்.

அவ்வாறு எழுதியவற்றை அறநிலையத்தார் தொகுத்து, அடுத்த ஆண்டு விழா மலரில் ஊர்வாரியாக வெளியிட வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன். தொகுக்கும் பணியில் என் உழைப்பைத் தரச் சித்தமாயிருக்கிறேன். எண் எழுதப்படும் நாள் எந்த மரத்துக்கும் வரலாம். அதற்குமுன் அதன் பெயரையும் உருவத்தையும் நாம் எழுதிவிட வேண்டும்.

 எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாத கைகள் நம் கைகளாகுக. வாழ்க அறம், வளர்க நம் மரங்கள். வணக்கம்.